தோல் பொடியும் சாயத் தண்ணீரும்

(ஓலை, கோரைப் பொருள் செய்யும் குழுக்களின் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஓர் ஊக்குநர் அக்கா கேட்டாங்க: "வாழைப்பழத் தோல், ஆரஞ்சுத் தோலை வச்சு சாயத் தண்ணியைச் சுத்தம் பண்ணலாமாமே, அதைப் பொடியாக்கி விக்கிறதுக்கு லோன் போடலாமா?" நாங்களும் அவசரப்பட்டு "நல்ல யோசனைதான்" என்று சொல்லிவிட்டோம். அப்புறம் படித்தும் பார்த்தோம், செய்தும் பார்த்தோம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

விஷயம் பொய்யில்லை. பழத்தோல், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு என்று எத்தனையோ கழிவுகளைக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் சோதித்திருக்கிறார்கள். முன்பு நம் வீடுகளில் பானையில் கரியும் மணலும் போட்டுத் தண்ணீர் வடிகட்டினோமே, அதே சூத்திரம்தான். கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அழுக்கு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். பழத்தோலிலும் சாயம் அப்படி ஒட்டும். ஆனால் பச்சைத் தோலை அப்படியே போட்டால் அதன் சொந்த மஞ்சள்தான் தண்ணீரில் இறங்கும். கழுவி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, இடித்து, சலித்து, வெந்நீரில் நிறம் இறங்காத வரை அலசி, மறுபடி காயவைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இன்னும் ஒருபடி போய், ஆசிடிலோ காஸ்டிக் சோடாவிலோ ஊறவைத்து மாற்றுவார்கள், அல்லது கரியாக்குவார்கள். ஆசிடும் காஸ்டிக்கும் அடுப்படிக்கு வரவே கூடாது. பிள்ளைகள் நடமாடுகிற இடம்.

நாங்கள் ஓலைக்குச் சாயம் காய்ச்சிய ரோஸ் தண்ணீரில் பொடியைப் போட்டு, இரவு வைத்திருந்து, துணியில் வடித்தோம். நன்றாகவே வெளுத்திருந்தது. அதே பொடியை நூல் சாயத் தண்ணீரில் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. காரணம் இருக்கு. தோலின் மேல்பரப்பில் எதிர் மின்னூட்டம். ஓலை, கோரைக்கு அதிகம் வாங்கும் 'பேசிக்' சாயத்தில் நேர் மின்னூட்டம், இரண்டும் இழுத்துக்கொள்ளும். பருத்தி நூலுக்குப் போடும் 'ரியாக்டிவ்' சாயமும் எதிர் மின்னூட்டம்தான். தோல் அதைத் தள்ளிவிடும். தண்ணீரில் புளிப்பைக் கூட்டினால்தான் ஓரளவு பிடிக்கும்.

வெளுத்த தண்ணீரைப் பார்த்ததும் ஒரு சகோதரி, "தெளிஞ்சிருச்சே, ஆட்டுக்கு வைக்கலாமா?" என்றார். வேண்டாம்மா, வைக்கவே கூடாது. நிறம் போனதே தவிர, தண்ணீரில் கரைந்த உப்பு போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சாயமும் மிச்சம் இருக்கும். மாலகைட் பச்சை என்கிற சாயம் மீனுக்கு நஞ்சு.

நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியதுதான். அதில் சாயக் கழிவு நீர் தேங்கி, இந்தத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது. அங்கே நிறத்தைவிடக் கெடுத்தது உப்பு. பருத்தியில் சாயம் ஏற உப்பைக் கொட்டுவார்கள். அது நிலத்தில் இறங்கினால் பயிர் வராது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்பது அங்கே நிபந்தனை. அதற்குப் பெரிய சுத்திகரிப்பு இயந்திரங்கள் வேண்டும். நம் தோல் பொடியை நம்பி எந்தப் பட்டறையும் வாங்காது. அதனால் லோன் வேண்டாம் என்பதுதான் இப்போது எங்கள் கருத்து. அவசரப்பட்டுச் சொன்னதற்கு மன்னிக்கணும்.

சரி, நம் வீட்டுக் கொல்லையில் ஊற்றும் தண்ணீருக்கு? முதலில் ஊற்றுவதைக் குறைப்போம். அடர்ந்த நிறத்துக்கு முக்கிய தண்ணீரிலேயே அடுத்த ஈடு ஓலையை வெளிர் நிறத்துக்கு முக்கலாம். சாயமும் மிச்சம். கடைசித் தண்ணீருக்கு மட்டும் பொடி போட்டு வடித்து, கிணறு, போர் பக்கம் இல்லாத இடத்தில் விடுங்கள். வடித்த பொடியில் சாயம் அப்படியேதான் இருக்கும். எருக்குழியில் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். காயவைத்து, ஒரு சாக்கில் கட்டி, மழை படாமல் வையுங்கள். அதை எங்கே ஒப்படைப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டு வருகிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நீங்கள் வாங்கும் சாயப் பொட்டலத்தின் அட்டையை மறக்காமல் கொண்டு வாங்க. எது எந்த வகை என்று சேர்ந்தே பார்ப்போம்.