பயிர் காக்கும் வலை: பின்னும் முறையும் பொருத்தும் முறையும்



தோட்டத்தில் நாம் இறைத்த நீரும் இட்ட பசளையும் பலனாக மாறுவது காய் முற்றும் வேளையிலேயாம். அவ்வேளையிலேதான் கிளி, கொண்டைக்குருவி, மைனா, மயில் ஆகியனவும் வந்து சேர்கின்றன. பறவை கொத்திய தக்காளி சந்தைக்கு உதவாது. கொத்திய புண்வழியே அழுகலும் புகுந்துவிடும். இதற்காகவே பலர் வலை கட்டுகின்றனர். ஆயினும், வலை கட்டிய தோட்டங்களிலும் சேதம் காணப்படுவது ஏன்?

நான் பார்வையிட்ட தோட்டங்கள் பலவற்றில், துண்டும் துண்டும் சேருமிடத்திலேயே குறை இருந்தது. இரண்டு துண்டுகளை அருகருகே இழுத்து, ஆங்காங்கே ஒரு முடிச்சிட்டு விடுகின்றோம். காற்று வீசியதும் முடிச்சுகளுக்கிடையே வாய் திறக்கின்றது. அவ்வழியே புகுந்த பறவை, வெளியேற வழியறியாது நாள் முழுவதும் காய்களைக் கொத்துகின்றது. ஆகவே, பின்னுவதிலும் பார்க்கப் பொருத்துவதிலேயே கூடிய கவனம் வேண்டும்.

பின்னும் முறை

முறுக்கிய நைலோன் நூல், வலை பின்னும் ஊசி, அளவுப் பலகை என்னும் மூன்றும் போதும். பலகையின் அகலமே கண்ணின் ஒரு பக்கத்தின் நீளமாகும். கிளியைத் தடுக்க 1 அங்குலப் பலகையும், சிறு குருவிகளுக்கு முக்கால் அங்குலப் பலகையும் ஏற்றவை.

1 அங்குலப் பலகையிற் பின்னிய கண், சதுரமாக விரிந்து நிற்கையில், மூலைக்கு மூலை ஏறக்குறைய 1.4 அங்குலம் இருக்கும். ஆகவே 4 அடி அகலமான துண்டுக்கு 34 அல்லது 35 கண்கள் வேண்டும். இழுத்துப் பிடித்த நிலையில் 14 அடி நீளமுள்ள வலை, விரித்துக் கட்டும்போது 10 அடியையே மூடும். இக்கணக்கை மறப்பவருக்கு வலை போதாமற் போகும்.

இரு கட்டைகளுக்கிடையே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் முதல் வரிசைக் கண்களை இடுங்கள். அடுத்த வரிசைக்கு, நூலைப் பலகையின் முன்புறமாக இறக்கிப் பின்புறமாக ஏற்றி, மேலுள்ள கண்ணுக்குள் பின்னிருந்து செலுத்துங்கள். கண்ணின் அடி பலகையின் விளிம்பைத் தொடும்வரை இழுத்துப் பெருவிரலால் அழுத்திப் பிடியுங்கள். பின்னர் நூலை இடப்புறம் வளையமாக வீசி, கண்ணின் இரு இழைகளுக்கும் பின்னாக ஊசியைச் செலுத்தி, வளையத்தினூடாக எடுத்து இறுக்குங்கள். மீன்வலை பின்னுவோர் இடும் முடிச்சும் இதுவே. நைலோன் வழுக்குமாதலால் ஊசியை இருமுறை சுற்றி எடுத்தல் நன்று.

பொருத்தும் முறை

கண்களின் எண்ணிக்கை ஒத்த இரு துண்டுகளை எதிரெதிரே தொங்கவிடுங்கள். இப்பக்கக் கண் ஒன்று, அப்பக்கக் கண் ஒன்றாக மாறி மாறி ஊசியைச் செலுத்தி, ஒவ்வொன்றிலும் மேற்கூறிய முடிச்சையே இடுங்கள். இடையிலே புதிய வரிசையொன்று உண்டாகி, பொருத்திய இடம் தெரியாதவாறு வலை ஒன்றாகிவிடும்.

எண்ணிக்கை ஒவ்வாதாயின், மிகுந்த பக்கத்துக் கண்களை இடையிடையே இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடியுங்கள். 30 கண்களுடன் 33 கண்களைப் பொருத்துவதாயின், ஒவ்வொரு பத்தாவது முடிச்சிலும் இரு கண்களைச் சேர்த்தாற் போதும்.

கடையில் வாங்கி வெட்டிய வலைக்கும் பழைய மீன்வலைக்கும் இம்முறை ஏலாது. வெட்டிய ஓரக் கண்கள் பிரிந்துவிடும். அவற்றை மூன்று கண்ணளவு ஒன்றன்மேலொன்றாக வைத்து, இரண்டையும் கண்தோறும் கோத்து, சாணுக்கொரு முடிச்சிடுங்கள்.

மிளகாய் நாற்றுமேடையில் வெண் ஈயைத் தடுக்கும் நுண்வலையைக் கோத்தல் ஆகாது. இரு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, இரட்டைத் தையலிட்டு, அடியோரத்தை மண்ணிற் புதையுங்கள். இலைச்சுருளைப் பரப்பும் வெண் ஈக்குச் சிறு துவாரமும் போதும். பாகல், புடோல் முதலியவற்றைப் பூக்குங் காலத்தில் நுண்வலையால் மூடாதீர்கள். மகரந்தம் பரப்பும் பூச்சிகள் வராவிடிற் காய் பிடிக்காது.

கட்டும் முறை

பயிருக்கு ஓரடி மேலே, ஓரக்கயிற்றுடன் விறைப்பாகக் கட்டுங்கள். தொங்கும் வலையூடாகப் பறவை வெளியிலிருந்தே கொத்தும். அன்றியும், தளர்ந்த வலையில் எலியைத் தின்று நமக்கு உதவும் சாரைப்பாம்பும் சிக்கி மாளும். கண்ணுக்குத் தெரியாத தங்கூசி வலையில் இத்தீங்கு அதிகம். எனவே காலையும் மாலையும் வலையைச் சுற்றிப் பாருங்கள்.

கட்டி முடிந்ததும், பொருத்திய வரிசையை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். அங்குள்ள கண் ஏனைய கண்களிலும் பெரிதாக விரியுமாயின் அவ்விடத்தை அன்றே மீண்டும் கட்டுங்கள். அறுவடை முடிந்தபின் வலையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சுருட்டி வையுங்கள். வெயிலிற் கிடக்கும் நைலோன் விரைவில் இற்றுப்போகும்.

முடிச்சு கைவராதவர்கள் நூலுடனும் ஊசியுடனும் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் வாருங்கள். ஒரு மாலைப்பொழுதிற் கற்றுக்கொள்ளலாம்.