கடல்மேல் ஒரு கவண்

தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி கடியும் பெண்ணின் கையிலிருந்த கவணை நாம் நம் பழைய இலக்கியங்களின் வாயிலாக அறிவோம். கல்லும் சிறிது, கவணும் சிறிது. இன்றோ, பல டன் எடையுள்ள ஜெட் விமானத்தையே கடலின்மேல் எறிந்துவிடும் கவண்பொறிகள் இருக்கின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றை நம்பிப் புறப்படும் விமானியின் உயிர் எவற்றைச் சார்ந்திருக்கிறது என்பதைச் சிறிது நேரம் சிந்திப்போம்.

இறக்கைகளின்மேல் காற்று போதிய வேகத்துடன் பாய்ந்தால்தான் விமானம் எழும். நிலத்தில் அவ்வேகத்தை எட்டுவதற்கு நெடிய ஓடுபாதை உண்டு. கப்பலில் அதற்கு இடம் ஏது? 1961-இல் நம் கடற்படையில் சேர்ந்த முதலாவது விக்ராந்த் கப்பலின் முழு நீளமே ஏறத்தாழ 213 மீட்டர்தான்.

இக்குறையை மூன்று துணைகள் நிரப்புகின்றன. விமானம் எழுவதற்கு மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் வேண்டும் எனக் கொள்வோம். கப்பல் காற்றை எதிர்நோக்கித் திரும்பி 45 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. எதிர்க்காற்று 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. ஆக, நின்றுகொண்டிருக்கும் விமானத்தின்மேலேயே 70 கிலோமீட்டர் வேகக் காற்று பாய்கிறது. எஞ்சிய 170 கிலோமீட்டரை விமானத்தின் எஞ்சினும் கவண்பொறியும் சேர்ந்து தரவேண்டும்.

நீராவிக் கவண்பொறியின் அமைப்பு இது. தளத்துக்கு அடியில் இரண்டு நீண்ட உருளைகள் இணையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் உண்டு. இரண்டு பிஸ்டன்களும் பிணைக்கப்பட்டு, தளத்திலுள்ள பிளவின் வழியே மேலே தலைகாட்டும் ஒரு கொக்கியோடு சேர்ந்திருக்கின்றன. தறியின் நாடாவைப்போல முன்னும் பின்னும் ஓடுவதால் ஆங்கிலத்தில் அதற்கும் ஷட்டில் என்றே பெயர். விமானம் அதனோடு பூட்டப்படுகிறது. பின்புறத்தில் ஒரு பிடிதண்டு விமானத்தை இழுத்து நிறுத்தியிருக்கிறது. எஞ்சினை முழு வலிவுடன் முடுக்கினாலும் விமானம் நகராது. வால்வு திறந்து நீராவி பாய்ந்ததும் இழுப்பு குறித்த அளவை எட்டுகிறது, பிடிதண்டு விட்டுக்கொடுக்கிறது. பெரிய கப்பல்களில் ஏறத்தாழ 90 மீட்டர் ஓட்டத்தை விமானம் இரண்டு மூன்று விநாடிகளில் கடந்துவிடுகிறது. பிஸ்டன்களின் கூரிய முனைகளோ நீர் நிறைந்த கலங்களுக்குள் புகுந்து, சில மீட்டருக்குள் நின்றுவிடுகின்றன.

எல்லா விமானங்களுக்கும் ஒரே அளவு நீராவி பொருந்தாது. குறைந்தால் விமானம் கடலில் விழும். மிகுந்தால் அதன் உறுப்புகள் சிதையக்கூடும். ஆதலின், அமெரிக்கக் கப்பல்களில் விமானத்தின் எடையைப் பலகையில் காட்டி, விமானி அதைச் சரியென ஒப்புக்கொண்ட பின்னரே நீராவியின் அளவை அமைக்கிறார்கள்.

நீராவிக்கு முன்னர் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய கவண்பொறிகளே இருந்தன. 1954 மே 26 அன்று பென்னிங்டன் என்னும் அமெரிக்கக் கப்பலில் அவ்வெண்ணெய் கசிந்து வெடித்ததால் 103 பேர் மாண்டனர். பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த மிட்செல் என்பவர் அமைத்த நீராவிப் பொறி, 1950 முதலே பெர்சியஸ் என்னும் கப்பலில் சோதிக்கப்பட்டு வந்தது. முதலில் பளுவேற்றிய வண்டிகளையும் ஆளில்லா விமானங்களையும் எறிந்து பார்த்தார்கள். பிறகே மனிதரை ஏற்றினார்கள்.

நம் விக்ராந்தும் நீராவிக் கவண் உடையதே. 1971-ஆம் ஆண்டுப் போருக்கு முன்பே அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. கப்பலைச் செலுத்துவதும் நீராவி. கவணை இயக்குவதும் நீராவி. கப்பலின் வேகம் வெகுவாகக் குறைந்தமையால், நாம் மேலே கண்ட மூன்று துணைகளுள் ஒன்று தளர்ந்தது. ஆயினும் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷின் தலைமையில் அக்கப்பல் வங்கக் கடலில் நின்றது. டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. விமானிகளின் துணிவை நாம் போற்றுகிறோம். வெளியுலகம் காணாத கீழ்த்தளத்தில், வெப்பத்தினிடையே, பழுதுபட்ட கொதிகலனைக் காத்து நின்றவர்களையும் அதே மூச்சில் போற்றுதல் தகும்.

1980-களில் விக்ராந்தின் கவண்பொறி கைவிடப்பட்டு, முன்தளத்தில் வளைந்தெழும் மேடு அமைக்கப்பட்டது. அக்கப்பல் 1997-இல் ஓய்வு பெற்றது. பின்னர் மும்பையில் காட்சிக் கப்பலாக நின்றபோது அங்கு வாழும் நம்மவர் பலர் அதைக் கண்டிருப்பர். 2022-இல் கொச்சியில் பணியேற்ற புதிய விக்ராந்திலும் மேடுதான் உண்டு; கவண் இல்லை. மேட்டில் சிக்கலான பொறிகள் இல்லை. ஆனால் கவண் எறியும் அளவு பளுவை அதில் ஏற்றிச் செல்ல இயலாது. 2017-இல் பணியேற்ற ஜெரால்டு ஃபோர்டு என்னும் அமெரிக்கக் கப்பலிலோ, நீராவியின் இடத்தை மின்காந்தம் பிடித்துக்கொண்டது. இழுப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டவும், எடை குறைந்த ஆளில்லா விமானத்துக்கேற்பக் குறைக்கவும் அதனால் எளிதாகிறது.

நீராவியாயினும் மின்சாரமாயினும் ஓர் உண்மை மாறவில்லை. அந்த இரண்டு விநாடிகளில் விமானி தன் உயிரைப் பிறர் செய்த கணக்கின்மேல் வைத்துவிடுகிறார். எடையைச் சரிபார்த்தவரும், அளவை அமைத்தவரும், பிடிதண்டைப் பூட்டியவரும் தத்தம் கடமையைப் பிழையின்றிச் செய்திருந்தால்தான் விமானம் மேலெழும்.