படிப்பகத் தரை: கணக்குச் சொல்கிறோம்

(தாராவியில் 2026 சனவரி மாத உறுப்பினர் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



மாதந்தோறும் இந்த இடத்தில் நின்று மற்றவர்களின் குற்றத்தைப் பேசுகிறோம். குழாயில் தண்ணீர் வராததைப் பேசுகிறோம், ரேஷன் அட்டையில் பெயர் விடுபட்டதைப் பேசுகிறோம், மாநகராட்சியைக் கேள்வி கேட்கிறோம். இன்று நீங்கள் கேட்க வேண்டியது எங்களை. படிப்பகத்துக்குத் தரை போட 140 குடும்பங்கள், குடும்பத்துக்கு 300 ரூபாய் என்று 42,000 ரூபாய் கொடுத்தீர்கள். தோல் பட்டறையில் முதுகு வளைத்தவர்கள் கொடுத்தார்கள், விடியற்காலையில் எழுந்து இட்லிக் கூடை தூக்கும் தாய்மார்கள் கொடுத்தார்கள். அந்தத் தரை இன்று எப்படி இருக்கிறது என்பதை உள்ளே வரும்போதே பார்த்திருப்பீர்கள். இது எப்படி நடந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

தரை ஏன் தேவைப்பட்டது என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். சந்தை உயர்த்தி உயர்த்தி, நம் அறை பள்ளமாகிவிட்டது. 2005 சூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அன்று நம் புத்தக அலமாரியின் இரண்டு தட்டு தண்ணீரில் போனது. பழைய ஷாஹாபாத் கல் லாதி உடைந்து, இடுக்கில் எலி வளை வைத்து, மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பாயை மடித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். "இடிக்கப் போற இடத்துக்குத் தரை எதுக்கு?" என்று சென்ற ஆண்டு கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தாராவி மறுசீரமைப்பு என்ற பேச்சு 2004ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. அந்த ஆண்டு பிறந்த பிள்ளை இந்த உடைந்த லாதியில் உட்கார்ந்தே பள்ளியை முடித்துவிட்டது! ஆகவே கோபா போடுவது என்று முடிவெடுத்தோம். முடிவு உங்களுடையது, அதை நிறைவேற்றிய இலட்சணம் எங்களுடையது.

இரண்டு பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் மராட்டியக் காண்ட்ராக்டர். அளந்து பார்த்துவிட்டு, 51,000 ரூபாய் ஆகும் என்று சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். நாலு அங்குல கனம், ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு கலவை, சிமெண்டு 18 மூட்டை, கீழே பிளாஸ்டிக் தாள் என்று வரிசையாக எழுதியிருந்தது. பதினெட்டு மூட்டையா, நம்மை ஏமாளி என்று நினைத்துவிட்டான் என்று நாங்கள் சிரித்தோம். தோழர்களே, அந்தச் சிரிப்பின் விலை என்ன என்பதைப் பிறகு சொல்கிறோம்.

மற்றவர் நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். "42,000 போதும் அண்ணாச்சி. நமக்குள்ள எதுக்கு எழுத்தெல்லாம்? பிள்ளைங்க படிக்கிற இடம், நான் லாபம் பார்ப்பனா?" என்றார். எங்களுக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. கையிருப்பும் 42,000, அவர் கேட்டதும் 42,000. வசூல் தொகை அவர் காதுக்கு முன்பே போயிருக்கிறது என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்பணம் 25,000 ரொக்கமாகக் கொடுத்தோம். இரசீது வாங்கவில்லை.

2025 மே மாதம் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தளம் போட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு நாளில் பழைய லாதியைப் பெயர்த்து, சந்து மட்டத்துக்கு உயர்த்த ராபிட் கொட்டினார்கள். இடிபாட்டுக் கல் என்று நாங்கள் நினைத்துக் கொண்டிருந்ததில் பாதி குப்பை. திமிசு போட்டு இடிக்கவில்லை. காலால் மிதித்துவிட்டு, மேலே தண்ணீர் தெளித்தார்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்ததும் தொடங்கிவிட்டார்கள். ஒன்பது மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் ஒரே ஓட்டம். அளவு வாளி கிடையாது. ரப்பர் குழாயை நேராகக் கலவைக்குள் விட்டார்கள். சித்தாள்கள் கமேலாவில் கொண்டுவந்து கொட்டியதும் கலவை தானாகவே ஓடிப் பரவியது. எவ்வளவு மட்டமாகப் பரவுகிறது பார் என்று நாங்கள் மகிழ்ந்தோம். நாற்பது ஆண்டு கொத்தனார் வேலை பார்த்த நம் உறுப்பினர் ஒருவர் மட்டும் வாசலில் நின்று, "இது கலவை இல்லப்பா, கஞ்சி" என்றார். "தாத்தா, நீங்க சும்மா இருங்க" என்று அவரை நாங்களே அனுப்பி வைத்தோம். அவரிடம் இந்த மன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக் கொள்கிறோம்.

கஞ்சிக்கும் கலவைக்கும் என்ன வேறுபாடு என்பதை இப்போது படித்துத் தெரிந்து கொண்டோம். சிமெண்டு இறுகுவதற்குக் கொஞ்சம் தண்ணீர்தான் வேண்டும். மிச்சத் தண்ணீர் வெளியேறிய பாதையெல்லாம் உள்ளே துளையாக நின்றுவிடும், வலு போய்விடும். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456 என்று ஒன்று இருக்கிறது, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. நமக்குப் போட வேண்டிய கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 32 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது அது. இருபது லிட்டர் பெயிண்டு வாளியில் ஒன்றரை வாளிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். அன்று மேலே தண்ணீர் மிதந்தது. அதை உறிஞ்ச வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் மேலும் 10,000 ரூபாயைப் போனில் அனுப்பினோம். அந்த மேல்தோல்தான் பிறகு செதில் செதிலாகக் கிளம்பியது.

அடுத்து எங்கள் பங்குக் குற்றம். தளம் போட்டால் குறைந்தது ஏழு நாள் ஈரமாக வைக்க வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டானால் பத்து நாள். நாங்கள் இரண்டே நாள் தண்ணீர் ஊற்றினோம். மே மாத வெயிலில், குடிக்கும் தண்ணீருக்கே வரிசையில் நிற்கும் தாய்மார்களிடம் தரைக்கு ஊற்றத் தண்ணீர் கேட்க நா எழவில்லை. இந்த நகரத்தில் மாடிக் கட்டடம் கட்டுகிறவனுக்கு டேங்கர் வருகிறது. நமக்கு மூன்று மணி நேரக் குழாய். நம் தரைகள் பொடியாவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டோம். ஆளுக்கு ஒரு குடம் என்று கேட்டிருந்தால் நீங்கள் கொடுத்திருப்பீர்கள். நாங்கள் கேட்கவில்லை.

மே 26ஆம் நாள் பருவமழை மும்பைக்கு வந்துவிட்டது. வழக்கமாகச் சூன் 11 வாக்கில் வருவது பதினாறு நாள் முந்தி வந்தது. தரைக்கு அப்போது பதினைந்து நாள் வயது. மேலிருந்து ஒரு சொட்டும் ஒழுகவில்லை, தோழர்களே, கீழேயிருந்து ஊறியது! நடுவில் கீறல் விட்டது, வடக்கு மூலை இறங்கியது, காலால் தட்டினால் பானை போல ஓசை கேட்டது. மூலையைத் தோண்டிப் பார்த்தோம். நாலு அங்குலம் என்ற இடத்தில் இரண்டரை அங்குலம். கீழே பிளாஸ்டிக் தாள் இல்லை, அதற்கும் கீழே தேங்காய் ஓடு.

காலி மூட்டைகளைப் பிள்ளைகள் புத்தகத்துக்கு மூடிப் போடத் தூக்கி வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எண்ணினான்: பதினொன்று. அவனே பலகையில் கணக்கும் போட்டான். இருபதுக்குப் பதினைந்து அடி, நாலு அங்குலம். ஆக 100 கன அடி. இறுகும்போது அளவு குறைவதால் உலர்ந்த சரக்கு 154 கன அடி வேண்டும். ஏழில் ஒரு பங்கு சிமெண்டு, 22 கன அடி. மூட்டைக்கு ஒன்றேகால் கன அடி. பதினெட்டு மூட்டைக்கு அரை மூட்டைகூடக் குறையவில்லை. நாங்கள் பார்த்துச் சிரித்த அதே தாளில் இருந்த எண்!

காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால் முதலில் "வர்றேன் அண்ணாச்சி". பிறகு, "நீங்க தண்ணி ஊத்தல" என்றார். அதில் பாதி உண்மை என்பதுதான் எங்களைச் சுட்டது. அதன் பிறகு போன் எடுக்கவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் பணக் கணக்கு மட்டும்தான். சூன் மாதம் ஒரு மாலை, கலபுர்கிப் பக்கத்திலிருந்து வந்த கணவன் மனைவி இருவரும் கைக்குழந்தையோடு படிப்பக வாசலில் வந்து நின்றார்கள். அன்று கலவை சுமந்தவர்கள். நாக்காவில் நின்றவர்களை மூன்று நாள் வேலைக்கு அழைத்து வந்து, கூலி கொடுக்காமல் அவர் போய்விட்டார். ஆணுக்கு 900, பெண்ணுக்கு 600 பேசியிருக்கிறார். அந்த அநியாயம் தனி. இருவருக்கும் சேர்த்து 4,500 ரூபாய்.

குழுவுக்குள் சண்டையே வந்தது. ஏமாந்தவர்கள் நாம், நாம் ஏன் மறுபடியும் கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அவர்கள் போட்ட தரைதானே இது என்று ஒருவர் குரலை உயர்த்தினார். தண்ணீர்க் குழாயைப் பிடிக்கச் சொன்னவன் யார், மூட்டையைக் குறைத்தவன் யார்? சுமந்தவர்களா? நம் தகப்பன்மார் இந்த ஊருக்கு வந்து முக்காதமிடம் கூலிக்கு நின்ற கதையை இங்கே எத்தனை தடவை பேசியிருக்கிறோம்! காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலை கொடுத்த முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் எழுதினார்கள். 2020இல் இயற்றிய தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. நம்மைப் போன்ற சிறிய வேலைக்கு அந்தச் சட்டம் எட்டாது, உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்துக்காகக் கொடி பிடித்தவர்கள் அதன் எல்லைக்குப் பின்னால் ஒளிந்து கொள்ளலாமா? மீதியிருந்த 7,000 ரூபாயிலிருந்து 4,500ஐக் கொடுத்தோம். உங்களைக் கேட்காமல் கொடுத்தோம்; அது தவறென்றால் இன்று சொல்லுங்கள். பெட்டியில் மிச்சம் 2,500.

இனி இரண்டு செய்திகள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது, அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காசு வாங்கிக் கொண்டு செய்த வேலையில் குறை இருந்தால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ரொக்கம் 25,000க்கு நம்மிடம் சாட்சி மட்டுமே. போனில் அனுப்பிய 10,000க்குப் பதிவு இருக்கிறது. தோண்டிய மூலையின் படங்களும் பதினொரு மூட்டையும் இருக்கின்றன. ஊர்க்காரனைக் கோர்ட்டுக்கு இழுப்பதா என்று சிலருக்குத் தயக்கம். முதலில் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புவது, முப்பது நாளில் பதில் இல்லையென்றால் மனு கொடுப்பது என்பது குழுவின் கருத்து. கை தூக்கிச் சொல்ல வேண்டியது நீங்கள்.

அடுத்தது தரை. மறு வசூல் கிடையாது. குழுவில் ஒன்பது பேர். ஆளுக்கு இரண்டு மூட்டை சிமெண்டு எங்கள் பொறுப்பு. மணல், ஜல்லி, கூலியை நாங்கள் மாதத் தவணையில் அடைப்போம். நம் கொத்தனார் தாத்தா மேற்பார்வை பார்க்க ஒப்புக் கொண்டார். வாளி அளவு அவர் கையில், மூட்டைக் கணக்கு அந்த எட்டாம் வகுப்புப் பையன் கையில். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி, அன்றைக்கு அன்றே.

ஒன்றை மட்டும் இப்போது கேட்கிறோம். பிப்ரவரி 15, ஞாயிறு, தளம் போடுகிறோம். அடுத்த பத்து நாளும் சாக்கு நனைய வேண்டும். 140 குடும்பம், பத்து நாள், நாளுக்குப் பதினான்கு குடம். யாருக்கு எந்த நாள் என்று எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். நாள் ஒத்து வராதவர்கள் போகும்போது பக்கத்து வீட்டாரோடு மாற்றி எழுதிவிட்டுப் போங்கள். பென்சில் நூலில் தொங்குகிறது.