எல்லாருக்கும் முன்பாக: சபையில் கண்டிப்பதும் கண்டிக்கப்படுவதும்

   நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் உங்களில் பலருக்குப் பழையதுதான். சபையில் ஒருவர் தவறினால் அதை யார், எங்கே சொல்வது? மத்தேயு 18ஆம் அதிகாரத்தைக் காட்டி, முதலில் தனியாகப் போய்ப் பேசு என்பார்கள் நம் நண்பர்கள். நெடுங்காலமாக அவர்கள் சொல்லிவருகிறார்கள். நெடுங்காலமாக நான் மறுத்துவருகிறேன். அந்தப் பகுதி பேசுவது சகோதரன் ஒருவன் உனக்குச் செய்த குற்றத்தைப் பற்றி. அதிலும் தனிச் சந்திப்புக்குப் பிறகு சாட்சிகள் உண்டு, அதற்கும் பிறகு சபை உண்டு. முதல் படியிலேயே எல்லாரையும் நிறுத்திவைப்பது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

கலாத்தியர் 2ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு உண்டுவந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் விலகினார். பர்னபாவும் அவர் பின்னால் போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவைக் கேட்டார். தனியறையில் கேட்டிருந்தால் பேதுரு திருந்தியிருக்கலாம். பந்தியில் கைவிடப்பட்டவர்களுக்கு யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

இந்தக் காட்சி பெரியவர்களையே சங்கடப்படுத்தியது. கலாத்தியருக்கு உரை எழுதிய ஜெரோம், ஓரிகனைப் பின்பற்றி, இருவரும் சபையின் நன்மைக்காகச் சண்டைபோல் நடித்தார்கள் என்றார். ஹிப்போவில் அப்போது மூப்பராக இருந்த அகுஸ்தீனுக்கு இது பொறுக்கவில்லை. நன்மைக்காகச் சொன்ன பொய் வேதத்தில் ஒன்று உண்டென்று ஒப்புக்கொண்டால், பிறகு எந்த வசனத்தை நம்புவது என்று பெத்லகேமில் இருந்த ஜெரோமுக்கு எழுதினார். கடிதத்தைக் கொண்டுபோக இருந்த புரோஃபுதூருஸ் ஆயராக்கப்பட்டார்; பயணம் நின்றது; சீக்கிரமே இறந்தும்போனார். இதற்குள் ஆயராகிவிட்ட அகுஸ்தீன் மறுபடி எழுதினார். அதைக் கொண்டுபோக வாங்கிய பவுலுஸ் என்பவர் கடலுக்குப் பயந்து கப்பலேறவில்லை. கடிதம் மட்டும் இத்தாலியில் கைமாறிக்கொண்டே இருந்தது. ஆத்ரியக் கடல் தீவொன்றில் சிசின்னியுஸ் என்ற உதவிக்குரு அதன் பிரதியைக் கண்டெடுத்தார். ஆப்பிரிக்க ஆயர் உமக்கு எதிராகப் புத்தகம் எழுதி ரோமுக்கு அனுப்பியிருக்கிறார் என்ற பேச்சும் ஜெரோமை எட்டியது. ஊரெல்லாம் படித்த பிறகு, கையெழுத்தில்லாத பிரதி தன் கைக்கு வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஜெரோமோ, காரணம் இல்லாதபோதும் கோபப்படக்கூடியவர்.

என் நண்பர்கள் இங்கேதான் ஜெரோம் பக்கம் சாய்கிறார்கள். முறை தவறினால் பார், எத்தனை மனக்கசப்பு என்கிறார்கள். முறை தவறியது உண்மை. அகுஸ்தீனும் அதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் கடிதம் எப்படி வந்தது என்ற புகாரிலேயே காலம் போனது. கேள்விக்கு ஜெரோமின் முழுப் பதில் 404 வாக்கில்தான் வந்தது. முறை பற்றிய புகார் நியாயமாக இருக்கும்போதே, பதில் சொல்லாதிருக்க நல்ல மறைவிடமாகவும் இருக்கும். நம் சபைக் கமிட்டிகளில் உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

405இல் அகுஸ்தீன் எழுதிய பதில் அவருடைய கடிதத் தொகுப்பில் 82ஆவது. அதில் அவர், ஆயர் என்ற முறையில் தம் பதவி மூப்பரான ஜெரோமுடையதைவிட உயர்ந்தது என்கிறார். ஆனாலும் பலவற்றில் தாம் ஜெரோமுக்குக் கீழானவர் என்கிறார். கீழானவரிடமிருந்து வந்தாலும் திருத்தத்தைத் தள்ளக்கூடாது என்றும் சேர்க்கிறார். அதைவிட முக்கியமான ஓரிடம் உண்டு. அந்தியோகியாவில் துணிந்து பேசிய பவுலைவிட, பின்னால் வந்தவர் கண்டித்தபோது ஏற்றுக்கொண்ட பேதுருவே அரிய முன்மாதிரி என்கிறார். பவுலின் துணிச்சலைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். பேதுருவைப் பற்றி எத்தனை? ஜெரோமும் பிற்காலத்தில், பெலாகியரை எதிர்த்து எழுதியபோது, பேதுரு உண்மையாகவே கண்டிக்கப்பட்டார் என்பதுபோலத்தான் பேசுகிறார்.

தனிப்பட்ட குற்றத்தைத் தனியாகவும், எல்லாரறியச் செய்த குற்றத்தை எல்லார் முன்பாகவும் கண்டிக்கவேண்டும் என்று அகுஸ்தீன் மத்தேயு 18 பற்றிய தம் பிரசங்கத்திலேயே பிரித்துச் சொல்கிறார். ஆகவே அந்த அதிகாரத்தை எனக்கு எதிராக நீட்டுகிறவர்கள் அவரையும் தாண்டிவர வேண்டும்.

நேரமாகிவிட்டது, மற்றவற்றைத் தொட்டுவிட்டுப் போகிறேன். பெனடிக்ட் விதியின் 61ஆம் அதிகாரம், விருந்தாளியாக வந்த துறவி தாழ்மையோடு குறை சொன்னால், ஆண்டவர் அவரை அதற்காகவே அனுப்பியிருக்கலாம் என்று மடாதிபதி யோசிக்கச் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டு மெனோனைட்டுகளின் விலக்கிவைத்தல், கண்டிப்பு எப்படிக் கொடுமையாகும் என்பதற்குத் தனிப் பாடம். 1939இல் வெளிவந்த போன்ஹோஃபரின் கூட்டுவாழ்வு நூலையும் பேசியிருக்க வேண்டும். 1706இல் தொடங்கிய தரங்கம்பாடி மிஷனின் ஹாலே அறிக்கைகளில், யார் யாரைக் கண்டித்தார்கள், சாதி அதில் எங்கே நின்றது என்று தேடினால் ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும். மாணவர்கள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

சக பேராசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். மத்தேயு 18ஐ நடத்தும் வகுப்பிலேயே 82ஆம் கடிதத்தையும் வையுங்கள். இந்த உரைக்கு மறுப்பிருந்தால், தேநீர் இடைவேளையில் காதோடு சொல்லாமல், அடுத்த ஆண்டு இதே மேடையில் சொல்லுங்கள்.