வண்டி கிளம்புவதற்கு முன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார். நான் மெக்கானிக்கல் படித்தவன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அதைப் பற்றிப் பேசினால் நீங்கள் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவீர்கள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே காலையில் விடுதிப் பக்கம் போனேன். எங்கள் காலத்தில் நாலைந்து பைக் நின்ற கொட்டகையில் இன்று இடமே இல்லை. இரண்டு மூன்று வண்டிகளில் செயினைத் தொட்டுப் பார்த்தேன். (மன்னிக்க வேண்டும், பழக்க தோஷம்.) விரலில் ஒட்டியது எண்ணெய் இல்லை, செம்மண். விசாரித்தால், அடுத்த வாரம் அந்த வண்டிகள் வால்பாறை போகின்றனவாம்! சரி, இதைத்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன்.

2012 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். படிப்பு முடிந்து ஒரு வருஷம். எனக்கும் என் விடுதி அறை நண்பனுக்கும் சென்னைக்குப் பக்கத்தில் வேலை. சனிக்கிழமை விடியற்காலை கிளம்பிக் கன்னியாகுமரி; ஞாயிறு சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்பி, திங்கள் காலை 8 மணி ஷிப்டுக்கு வந்து நிற்பது என்று திட்டம். போக 700 கிலோமீட்டர், வர 700. வண்டி என் அப்பாவின் ஸ்பிளெண்டர். திட்டமே தப்பு என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு அது வீரமாகப் பட்டது.

அந்த நண்பன் இந்த அரங்கில்தான் இருக்கிறான். சொல்லட்டுமா என்று நேற்று கேட்டேன். "சொல்லு. ஆனா பேரைப் போடாதே, நாளைக்கு என் பொண்ணு அந்த மலரைப் படிப்பா" என்றான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை வண்டியைத் துடைத்தபோது ஒன்றைப் பார்த்தேன். கிளட்ச் கேபிளின் நுனியில், லீவருக்குள் நுழையும் இடத்தில், இரண்டு இழை அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கடை இரண்டு தெரு தள்ளி. மழை தூறிக்கொண்டிருந்தது. "வந்து பார்த்துக்கலாம்" என்றேன். இழைக் கயிற்றில் இரண்டு இழை அறுந்தால் அவற்றின் சுமையையும் மிச்ச இழைகள் சேர்த்துத் தாங்க வேண்டும், அதனால் அடுத்தடுத்த இழைகள் இன்னும் சீக்கிரம் அறும் என்பது நான் படித்த பாடம்தான். தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஞாயிறு காலை 11 மணிக்குக் கன்னியாகுமரியிலிருந்து கிளம்பினோம். ஆகஸ்ட் மாதம் அந்தப் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று நாகர்கோவில்காரர்களைக் கேட்டால் தெரியும். சும்மாவா அங்கே அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்! பஸ்ஸைத் தாண்டும்போது பஸ் காற்றை மறைக்கும். தாண்டி முடித்த கணத்தில் பக்கவாட்டில் ஒரு தள்ளு. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் தள்ளாட்டம் அதிகமாகும். தளர்வாகப் பிடித்து, தொடையால் டேங்கைக் கவ்விக்கொண்டு, வேகத்தைக் குறைப்பதுதான் வழி. பணகுடி அருகே அந்தக் காற்றுக்காகக் கியரைக் குறைக்கக் கிளட்சைப் பிடித்தேன். லீவர் பொத்தென்று கையோடு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டு. டாட்டா ஏஸ் வண்டிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு போய் வள்ளியூரில் இறக்கிவிட்டார். அங்கே மெக்கானிக் அண்ணாச்சி காதுகுத்து விசேஷத்துக்குப் போயிருந்தார். பாவம், பந்தியிலிருந்து எழுந்து வந்தார். நூறு ரூபாய்கூட ஆகாத கேபிள். மாற்றப் பதினைந்து நிமிஷம். நாங்கள் மறுபடி சாலையில் ஏறியபோது மணி மாலை 4.

இங்கேதான் கவனிக்க வேண்டும். போன நாலு மணி நேரத்தை எங்கேயிருந்து எடுப்பது? சாப்பாட்டிலிருந்து எடுத்தோம், ஓய்விலிருந்து எடுத்தோம், கடைசியில் ராத்திரியிலிருந்து எடுத்தோம். மதுரையில் வண்டியிலேயே உட்கார்ந்து பரோட்டா தின்றோம். திருச்சி தாண்டியதும் டீ. டீயும் காபியும் தூக்கத்தை உடனே விரட்டிவிடும் என்று நினைப்பது தவறு. உடம்பில் ஏற அரை மணி நேரம்கூட ஆகும். இருபது நிமிஷம் படுத்து எழுந்தால்தான் உதவி. அதிலும் பின்னிரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பே தூக்கத்தைக் கேட்கும் நேரம். மனோதிடம் அங்கே செல்லுபடியாகாது.

பெரம்பலூர் தாண்டி, தொழுதூரும் தாண்டியாயிற்று. மணி இரண்டரை. வேகம் 70. பின்னால் நண்பன் என் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ரோட்டில் பழுதாகி நிற்கும் லாரிக்காரர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகக் கல்லை அடுக்கி, வேப்பந்தழையை ஒடித்துப் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். சரியானதும் லாரி போய்விடும், கல் போகாது. எனக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது தழை. தழைதானே என்று மூளை சொல்லி முடிப்பதற்குள் கல் வந்துவிட்டது.

எனக்கு மணிக்கட்டு பிசகியது, தோல் உரிந்தது. அவனுக்கு இடது முழங்கால். இரண்டு அறுவை சிகிச்சை, ஏழு மாதம் படுக்கை. நம் கல்லூரி வாலிபால் அணியில் ஸ்மாஷ் அடித்தவன் அவன். 2010 அணியின் படம் உடற்கல்வி அறையில் இன்னும் மாட்டியிருக்கிறது. இன்று மாடிப்படி ஏறும்போது ஒரு காலை வைத்து, அடுத்த காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்து ஏறுகிறான். இரண்டு பேர் தலையும் தப்பியதற்குக் காரணம் ஹெல்மெட். அவனுடையது என் அத்தை பையனிடம் கடன் வாங்கியது. வார்ப்பட்டையை மாட்டச் சொல்லி நான் நச்சரித்தது அந்தப் பயணத்திலேயே நான் செய்த ஒரே நல்ல காரியம்.

குணமான பிறகு ஒரு ராத்திரி, அதே மாதிரி வண்டியின் லோ பீமை ஒரு காலி ரோட்டில் போட்டுவிட்டு, தம்பியைக் கருப்புச் சட்டையில் நிற்க வைத்து டேப் பிடித்து அளந்தேன். ஆள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது 40 மீட்டரில். இப்போது கணக்கு. 70 வேகம் என்றால் விநாடிக்கு 19.4 மீட்டர். பார்த்து, புரிந்து, பிரேக்கைத் தொட ஒரு விநாடி: 19 மீட்டர் போய்விட்டது. நல்ல டயர், காய்ந்த தார், வேகம் விநாடிக்கு 6 மீட்டர் வீதம் குறைகிறது என்று தாராளமாக வைத்தாலும் நிற்க இன்னும் 31 மீட்டர். ஆக 50 மீட்டருக்கு மேல். கண் கொடுத்ததோ 40. அதே கணக்கை 60 வேகத்துக்குப் போட்டால் விடை சரியாக 40!

அடுத்த கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த இடத்திலிருந்து நான் போக வேண்டிய தூரம் சுமார் 200 கிலோமீட்டர். 60-ல் போயிருந்தால் 3 மணி 20 நிமிஷம். 70-ல் மிச்சமாவது அரை மணி நேரம்கூட இல்லை. இரண்டரை மணிக்கு ரோட்டோரம் ஒரு மணி நேரம் படுத்துத் தூங்கிவிட்டு 60-லேயே போயிருந்தாலும் 7 மணிக்குள் சேர்ந்திருப்பேன். மறுநாள் மேற்பார்வையாளர் போனில், "ஒரு நாள் லீவு சொல்லியிருக்கலாமேப்பா" என்றார்.

அங்கே முதலில் நின்றது ஒரு காய்கறி லாரி. அந்த டிரைவர் அண்ணன்தான் 108-க்குச் சொன்னார். நான் பதற்றத்தில் நண்பனின் ஹெல்மெட்டைக் கழற்றப் போனேன், தண்ணீர் கொடுக்கப் போனேன், இரண்டையும் தடுத்தார். கழுத்தில் அடி இருக்கலாம் என்பதால், மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டைத் தொடக்கூடாது. உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம், மயக்கத்தில் புரையேறலாம். அதனால் தண்ணீரோ சோடாவோ கூடாது. நீங்கள் சாலையில் யாரையாவது அப்படிப் பார்த்தால் பயப்படாமல் நில்லுங்கள். உதவுகிறவருக்கு 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமே பாதுகாப்புத் தருகிறது. தமிழ்நாட்டில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைக்கான திட்டமும் 2021 டிசம்பரில் வந்துவிட்டது.

இப்போதும் நான் பைக்கில் போகிறேன். வீட்டில் திட்டுத்தான். ஆனால் சர்வீஸைக் கிளம்புவதற்கு முந்தின நாள் விடுவதில்லை; ஒரு வாரம் முன்பே விட்டு, பிறகு ஐம்பது கிலோமீட்டராவது ஓட்டிப் பார்ப்பேன். சரியாக முடுக்காத போல்ட் இருந்தால் அது ஊரிலேயே தெரிந்துவிடட்டும். புதுக் கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டு, டேப் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறேன். அறுந்தால் இரண்டு முனையை மாற்றி மாட்டினால் போதும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-ம் வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை நம்பாதீர்கள். செயினுக்கு எண்ணெய் போடுவது வண்டி ஓடி நின்ற சூட்டில். அப்போதுதான் உள்ளே இறங்கும். டியூப் டயர் என்றால் லீவரும் மாற்று டியூபும் வேண்டும். பஞ்சர் கிட் வாங்கி வைத்தால் போதாது, வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பாருங்கள். எனக்கு முதல் தடவை முக்கால் மணி நேரம் ஆயிற்று. பக்கத்து வீட்டுத் தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

வால்பாறை போகும் தம்பிகளுக்கு: ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது பெரிதில்லை. இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறி, தேவைப்படும் வளைவில் பிடிக்காது. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். முதலில் திரும்பும் நாளைத் திட்டமிட்டுவிட்டு, பிறகு போகும் நாளை முடிவு செய்யுங்கள். மறுநாள் பரீட்சையோ வேலையோ இருக்கக்கூடாது.

சாப்பாட்டுக்குப் பிறகு விடுதிக் கொட்டகைப் பக்கம் இருப்பேன். கேபிள் மாற்றுவதை யாருக்காவது பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள், ஸ்பேனர் கொண்டுவந்திருக்கிறேன். நாலு மணி வரைதான். இருட்டுவதற்குள் நான் ஊர் போய்ச் சேர வேண்டும்.