சலிப்பது வேறு, தூக்கி எறிவது வேறு!

(கொற்கையில் நடந்த தகவல் தொழில்நுட்ப அணிப் பயிற்சிக் கூட்டத்தில், மின்னஞ்சல் பெட்டியை ஒழுங்குபடுத்துவது குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொற்கையில் நின்று பேசும்போது முத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? பாண்டியர் காலத் துறைமுகம் இது. இன்னைக்குக் கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு. தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பும் நடக்கவில்லை. ஆனால் அந்த முத்து வியாபாரிகள் கையில் இருந்த ஒரு பொருள் இன்னைக்கு நமக்குத் தேவைப்படுது. அதுதான் சல்லடை.

மன்னார் வளைகுடா முத்துகளைத் தரம் பிரிக்க வரிசையாகப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 துளை. அடுத்ததில் 30. அப்புறம் 50, 80, 100 என்று ஏறி, கடைசியில் 1000 துளை. முதல் சல்லடையில் தங்குவது பெரிய முத்து. கீழே விழுந்தது அடுத்த சல்லடைக்குப் போகும். அளவு பிரித்த பிறகு, உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணிமுத்து என்றும் மற்றது என்றும் பெயர் வைப்பார்கள். ஒண்ணைக் கவனிங்க: துளை வழியா விழுந்த முத்தை யாரும் வீசி எறியல. பொடி முத்துக்கும் ஒரு இடம் இருந்துச்சு.

ஜிமெயிலில் ஃபில்டர் என்பது அந்தச் சல்லடை. லேபிள் என்பது அந்தப் பெயர். அவ்வளவுதான்.

இது ஏதோ ஆபீஸ்காரங்க வேலைன்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்குமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கிட்டாங்க. அப்படி ஒரு நாளில், கரண்ட் இல்லாம, ஒரு நிமிஷம் கிடைச்ச சிக்னல்ல ஒருத்தர் அனுப்புற மெயில், கடன் அட்டை விளம்பரத்துக்கும் கூட்ட அழைப்புக்கும் அடியில் கிடந்தா என்ன ஆகும்? கடலுக்குப் போன படகு திரும்பலைன்னு ஒரு குடும்பம் ராத்திரி எழுதுற கடிதம், மறுநாள் சாயங்காலம் கண்ணில் பட்டு என்ன பயன்?

சரி, வேலைக்கு வருவோம்.

ஃபில்டரைக் கம்ப்யூட்டரில் போடுங்க. போன் செயலியில் போட முடியாது. மேலே தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கிற குறியை அழுத்தினால் அனுப்புநர், பெறுநர், தலைப்பு, உள்ளே உள்ள சொல் என்று கட்டங்கள் வரும். நிரப்பிவிட்டு, என்ன செய்யணும்னு சொல்லிட்டா போதும். பழைய மெயில்களுக்கும் பொருந்தணும்னா அதற்குத் தனியா ஒரு டிக் இருக்கு, மறக்காதீங்க.

லேபிள் நான்கு போதும்: அவசரம், மனு, கெடு, முடிந்தது. பீரோ தட்டில் ஒரு காகிதம் ஒரே இடத்தில்தான் இருக்கும். இங்கே அப்படி இல்லை. ஒரே மெயிலுக்கு 'மனு', 'அவசரம்' இரண்டையும் ஒட்டலாம்.

'கெடு' எதுக்கு? தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் தர 30 நாள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். பதில் சரியில்லைன்னா 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடணும். தேதி தவறினா அந்த ஏழையோட உரிமை கைநழுவும்.

தமிழில் ஒரு சிக்கல் இருக்கு. ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் தேடும். 'படகு'ன்னு ஃபில்டர் போட்டா 'படகை', 'படகில்' எல்லாம் சிக்காமல் போகலாம். நம்ம ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுறாங்க. 2020 ஜூனில் ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி அரசாணை வந்து, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டதும் ஞாபகம் இருக்கும். அதனால் சொல்லை மட்டும் நம்பாதீங்க. உங்க முகவரியில் @ குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டு, 'மனு' என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து நோட்டீசில் அச்சிடுங்க. அதே பெட்டிக்குத்தான் வரும். அந்தப் பெறுநர் முகவரிக்கு ஒரு ஃபில்டர் போட்டா, மக்கள் எந்தச் சொல்லில் எழுதினாலும் தவறாது. அதிலேயே 'ஸ்பாமுக்கு அனுப்பாதே' என்பதையும் டிக் பண்ணுங்க. ஸ்பாமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும்.

'அழி' என்கிற டிக்கை மட்டும் எந்த ஃபில்டரிலும் தொடாதீங்க. ஏன்னு ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன்.

2020-இல் ஒன்றிய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை வெளியிட்டு, மின்னஞ்சலில் கருத்துச் சொல்லுங்கன்னு கேட்டது. இளைஞர்கள் அனுப்பினாங்க. அமைச்சரின் பெட்டிக்கு ஒரே தலைப்பில் ஏராளமா வருதுன்னு புகார் போச்சு. 'ஃப்ரைடேஸ் ஃபார் ஃபியூச்சர்' அமைப்பின் இந்திய இணையதளத்தை முடக்கச் சொல்லி டெல்லி போலீஸ் நோட்டீஸ் அனுப்பியது. அந்த நோட்டீசில் உபா சட்டமே இருந்துச்சு! பிறகு அது தவறுதலாகச் சேர்ந்ததுன்னு சொல்லித் திரும்பப் பெற்றாங்க.

தோழர்களே, ஒரே தலைப்பில் வருகிற மெயிலுக்கு ஒரு ஃபில்டர், ஒரு லேபிள். இரண்டு நிமிஷ வேலை! சலிக்க வேண்டிய இடத்தில் அடைக்கப் பார்த்தாங்க. நாம அந்த வழியில் போகக் கூடாது.

ஃபில்டர் பிரிக்கும், படிக்காது. படிக்க வேண்டியது நாம. காலையில் 'அவசரம்', மாலையில் 'மனு', திங்கள்கிழமை 'கெடு' என்று முறை போட்டு, யார் பார்ப்பதுன்னு பெயர் எழுதி வையுங்க. பதில் போன பிறகுதான் 'முடிந்தது' ஒட்டணும், அதுக்கு முன்னால் கூடாது.

மனு எழுதுறவர் நம்மை நம்பி எழுதுறார். அந்த நம்பிக்கை நம்ம பெட்டிக்குள்ளேயே புதைந்து போக விடக் கூடாது. இன்னைக்கு ராத்திரியே முதல் ஃபில்டரைப் போடுங்க.



#கொற்கை #தூத்துக்குடி #மக்கள்பணி