கிரான் ஓடுச்சு, பேக்கப் எங்கே?

போன எபிசோட்ல ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினோம். அதைத் தினமும் கையால ஓட்டிட்டு இருக்க முடியாது இல்லையா? அதனால இன்னைக்கு கிரான், அட் ரெண்டையும் பார்க்கலாம். ரெண்டுமே 1979-ல வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ்லயே இருந்தவை. இப்போ பல லினக்ஸ்ல இருக்கிற கிரான், பால் விக்ஸி 1987-ல எழுதினதோட வழி வந்தது.

ஒரே ஒரு தடவை செய்யற வேலைன்னா அட். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணின்னு நேரத்தைச் சொல்லி, கட்டளையைக் கொடுத்து, கன்ட்ரோல் டி அடிச்சா முடிஞ்சது. திரும்பத் திரும்ப வர்ற வேலைன்னா கிரான். நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமைன்னு அஞ்சு கட்டம், அதுக்கப்புறம் கட்டளை. 0 2 * * * அப்படின்னா தினமும் ராத்திரி ரெண்டு மணி.

ஆனா யாரோட ரெண்டு மணி? வாடகைக்கு எடுக்கிற கிளவுட் சர்வர்ல கடிகாரம் பெரும்பாலும் யூடிசி நேரத்துலதான் இருக்கும். இந்திய நேரம் அதைவிட அஞ்சரை மணி முன்னாடி. அப்போ ராத்திரி வேலைன்னு நீங்க நினைச்சது, ஆளுங்க லாகின் பண்ற காலை 7.30-க்கு ஓடும். நம்ம ராத்திரி ரெண்டு மணி வேணும்னா 30 20 * * * னு எழுதணும்.

இதெல்லாம் மேனுவல்லயே இருக்கு. நான் சொல்ல வந்தது வேற.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மருந்துக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சு கொடுக்கிறார். ராத்திரி டேட்டாபேஸ் பேக்கப் எடுக்கிற வரியை டெர்மினல்ல ஓட்டிப் பார்த்தார், ஓடுச்சு. அதே வரியை கிரான்டேப்ல ஒட்டிட்டுப் போயிட்டார். நாலு மாசம் கழிச்சு டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் போச்சு. பேக்கப் டிஸ்க்கைத் திறந்தா, அன்னைக்குக் கையால ஓட்டின ஒரே ஒரு ஃபைல். கடைக்காரங்க பழைய பில் காப்பியைப் பார்த்துப் பார்த்து நாலு மாசக் கணக்கைத் திரும்ப ஏத்தினாங்க.

காரணம், ஒரு சதவீதக் குறி. ஃபைல் பேர்ல தேதி வரட்டும்னு டேட் கட்டளையில அதைப் போட்டிருந்தார். கிரான்டேப்ல அந்தக் குறி வந்தா கட்டளை அங்கேயே முடிஞ்சதா அர்த்தம். முன்னாடி ஒரு பின்சாய்கோடு போடணும்.

கொடுமை என்னன்னா, லாக்ல தினமும் அந்த வேலை ஓடினதா பதிவு இருந்தது. அது பொய்யும் இல்லை. வேலையைக் கிளப்பி விடறது மட்டும்தான் கிரானோட பொறுப்பு. பிழைச் செய்தி வந்தா, சர்வருக்குள்ளேயே இருக்கிற மெயில் பெட்டிக்கு அனுப்பும். அதை யார் திறந்து பார்க்கிறாங்க? மெயில் வசதியே இல்லாத சர்வர்ல அதுவும் கிடையாது.

இன்னொரு வித்தியாசம். அட் உங்க ஃபோல்டரையும், பாத் மாதிரியான அமைப்புகளையும் ஞாபகம் வெச்சு அதே சூழல்ல ஓட்டும். கிரான் அப்படிக் கிடையாது, அதோட பாத் ரொம்பக் குட்டி. அதனாலதான் டெர்மினல்ல ஓடினது கிரான்ல ஓடாமப் போகுது.

அதனால கட்டளையை ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல்ல போடுங்க, சதவீதக் குறி தொல்லையே இல்லை. எல்லாத்துக்கும் முழுப் பாதை கொடுங்க. பிழையையும் சேர்த்து லாக் ஃபைலுக்குத் திருப்பி விடுங்க. முக்கியமா, நேத்தைய ஃபைல் இருக்கா, அளவு சரியான்னு வேற ஒரு மெஷின்ல இருந்து பாருங்க. மாசம் ஒரு தடவை அதைத் திறந்து, ஒரு காலி டேட்டாபேஸ்ல ஏத்தியும் பாருங்க. ஏறாத பேக்கப்பை வெச்சு என்ன பண்றது?

கடைசியா ஒண்ணு. கிரான்டேப்பைத் திருத்த மைனஸ் ஈ. மைனஸ் ஆர் போட்டா மொத்தமும் அழிஞ்சிடும், பெரும்பாலும் ஒரு வார்த்தை கேட்காது. கீபோர்டுல ரெண்டும் பக்கத்துப் பக்கத்து எழுத்து. யார் யோசிச்சாங்களோ! இன்னைக்கே மைனஸ் எல் போட்டு, வர்றதை ஒரு ஃபைல்ல சேமிச்சு வைங்க. அடுத்த வாரம் சிஸ்டம்டி டைமரோட வர்றேன்.